புளி தங்கும் பாத்திரம்

ஈயம் தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் காலையில் களிம்பேறிக் கிடக்கும். அதே குழம்பை அள்ளி ஊற்றிய பித்தளைக் கரண்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. கரண்டியில் குழம்பு தங்குவதில்லை, அவ்வளவுதான். சாயத்தூளைச் சுவாசித்தவருக்கு நுரையீரலை விட்டுவிட்டுச் சிறுநீர்ப்பையில் புற்று வருவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சாய ஆலைகளில் புழங்கிய பென்சிடின், பீட்டா நாப்தைலமீன் போன்ற அரோமாட்டிக் அமீன்கள் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கல்லீரல் அவற்றை மாற்றி, குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து, நீரில் கரைந்து வெளியேறும்படி அனுப்பிவைக்கிறது. சிறுநீரில் புளிப்பு கூடும்போது அந்தப் பிணைப்பு அவிழ்கிறது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் சிறுநீர் நிற்காமல் ஓடிவிடும். பையிலோ மணிக்கணக்கில் தேங்கும். அவிழ்ந்த நஞ்சு, பாத்திரத்தின் ஈயப்பூச்சு மாதிரி இருக்கிற உட்சவ்வின் செல்களுக்குள் புகுந்து டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது.

சாய ஆலைத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வருவதை 1895இலேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரென் எடுத்துச் சொன்னார். பிரிட்டனின் ரப்பர் ஆலைகளில் பீட்டா நாப்தைலமீன் கலந்த பொருள் 1949 வரை புழங்கியது. ஜொகூர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம்: ஆபத்து மரத்துப் பாலில் இல்லை, ஆலையில் ரப்பரோடு சேர்த்த ரசாயனத்தில் இருந்தது.

களிம்பு மறுநாளே கண்ணில் படும். புற்று தலைகாட்ட 20 ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் ஆள் வேலையை விட்டிருப்பார், ஆலையே மூடியிருக்கலாம். பத்து பகாட் துணி ஆலையிலோ பாசிர் கூடாங் ரசாயன ஆலையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், ஒருமுறைதானே என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அதுதான் முதல் அறிகுறி. டாக்டரிடம் இப்போதைய வேலையோடு, இளவயதில் என்ன கலந்தீர்கள், எதைக் கழுவினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சிகரெட் பழக்கத்தையும் மறைக்காதீர்கள்; புகையிலும் இதே வகை அமீன்கள் இருக்கின்றன.

மலேசியாவின் 2000ஆம் ஆண்டு ரசாயனப் பாதுகாப்பு விதிகள், தொழிலாளரின் உடல்நலக் கண்காணிப்புப் பதிவை முதலாளி 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. இந்த நோய் எடுத்துக்கொள்ளும் காலத்துக்கு அது அதிகமே இல்லை. அந்தப் பதிவைக் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.