23-ஆம் தெருவில் ஒரு சிவப்பு மாளிகை

நியூயார்க் நகரில், மேற்கு 23-ஆம் தெருவில், சிவப்புச் செங்கல்லால் எழும்பி, இரும்புப் பூவேலை கொண்ட மாடங்களைத் தாங்கி நிற்கிறது செல்சி மாளிகை. பன்னிரண்டு மாடி! விண்ணை முட்டும் கட்டடங்களுக்கிடையே இன்று அது ஒரு குள்ளன். 1884-ல் திறக்கப்பட்டபோதோ, அந்நகரின் மிக உயர்ந்த கட்டடங்களுள் அதுவும் ஒன்று.

கட்டிட வரைபடம் தீட்டியவர் பிலிப் ஹூபர்ட். பிரான்சு நாட்டில் பிறந்தவர். ஒருவன் கட்டுவான், ஊரார் குடக்கூலி கொட்டுவார்கள் என்பதல்ல அவர் திட்டம். பலர் பங்கு சேர்ப்பது, பலரும் கூடி வாழ்வது, மேல் மாடியிலே ஓவியர்க்கென ஒளி நிறைந்த கூடங்கள் அமைப்பது! ஏட்டில் எழுதிய எண்ணமல்ல, எழுப்பியே காட்டிய எண்ணம். ஆனால் நிதி வற்றியது, நிலை தளர்ந்தது, 1905-ல் கூட்டுறவு போய் விடுதி வந்தது.

கூட்டுறவு போயிற்றே தவிர, கூட்டம் போகவில்லை. எத்தகைய கூட்டம்! இசைவாணர் விர்ஜில் தாம்சன் 1940-ல் புகுந்தவர், 1989-ல் உயிர் பிரியும் வரை வெளியேறவே இல்லை. நாடகாசிரியர் ஆர்தர் மில்லர், மர்லின் மன்றோவைப் பிரிந்தபின் தஞ்சம் புகுந்த இடம் அது. ஆர்தர் கிளார்க் விண்வெளிக் கதை எழுதியதும் அங்கேதான். வேல்சு நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ் 1953-ல் அங்குத் தங்கியிருந்தபோது நோயுற்று, மருத்துவமனையிலே மாண்டார், வயது 39. பாடகர்கள், பித்தர்கள், குடியர்கள், மேதைகள் என்று ஒரு நீண்ட வரிசை. சிலர் நான்குமே!

இவர்களையெல்லாம் கட்டி மேய்த்தவர் மேலாளர் ஸ்டான்லி பார்ட். வாடகைப் பாக்கியா? பொறுத்துக்கொள்வார். வரவேற்புக் கூடத்துச் சுவரெல்லாம் ஓவியங்கள். வாடகைக்குப் பதில் வந்தவை அவை என்று ஊரார் பேசிக்கொள்வார்கள். கணக்குப் பிள்ளைக்குக் கசக்கும் இந்தக் கணக்கு. நமக்கு இனிக்கிறது!

2007-ல் அவர் வெளியேற்றப்பட்டார். 2011-ல் மாளிகை கைமாறியது. விருந்தினர்க்குக் கதவு அடைக்கப்பட்டது. புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. உள்ளேயிருந்த குடித்தனக்காரர்களோ நகரவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களுக்குக் கேடயம். பத்தாண்டுக்கு மேலாகத் தூசு, துளையிடும் ஓசை, சாரங்கள், வழக்குகள்! முதியோர் பலர் அந்தப் புழுதியிலேயே மூப்படைந்தனர். விலை கொடுத்தவனுக்குத்தான் வீடா? வாழ்நாளைக் கொடுத்தவனுக்கு ஒன்றுமில்லையா? பணம் வாங்கிக்கொண்டு போனவர்களையும் நாம் பழிக்க மாட்டோம்; இடிபாட்டின் நடுவே எத்தனை நாள் சமைத்து உண்பது?

2022-ல் விடுதி மீண்டும் திறந்தது. பழைய குடிகள் சிலர் அப்போதும் உள்ளேயே இருந்தனர். ஒரே தாழ்வாரம், ஒரு கதவுக்கு ஓரிரவுக் கட்டணம், அடுத்த கதவுக்கு மாத வாடகை!