சுரங்கம் விடும் மூச்சு

நிலத்தைக் குடைந்து செல்லும் வழியைச் சுரங்கம் என்கின்றோம். அச்சொல் வடமொழி வழியாக நம்மிடம் வந்தது. அதற்கும் மூலம் குழல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே எனக் கொள்ளும் அறிஞரும் உளர். அது மெய்யாயின், காற்றுப் புகுந்து புறப்படும் இடமே சுரங்கம் என்பதை அப்பெயரே சொல்லி வைத்தது போலும். காற்று உட்புகும் வாயைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அது புறப்படும் வாயைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

ஜேர்மனியின் சாக்சனி மலைகளிலே வெள்ளி தோண்டியோர் நெடுங்காலமாக மூச்சுத் திணறி மெலிந்து மாண்டனர். அந்நோயை அவ்வூரார் மலைநோய் என்றனர். அக்ரிக்கோலா என்பார் இயற்றிய உலோகக் கலை நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1556இல் வெளிவந்தது. துருத்தியாலும் விசிறியாலும் சுரங்கத்துக்குக் காற்றூட்டும் பொறிகளைப் படங்களுடன் விளக்கும் அந்நூலிலே, கார்ப்பேதிய மலைச் சுரங்கங்களை அடுத்து வாழ்ந்த பெண்டிருள் ஏழு கணவரை ஒருவர்பின் ஒருவராக மணந்தோரும் உண்டு என்னும் செய்தி காணப்படுகின்றது. எத்துணைக் கைம்மையை அச்சிறு குறிப்பு அடக்கி நிற்கின்றது! 1879இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் இருவர், சினீபேர்க் சுரங்கத் தொழிலாளரை மாய்ப்பது நெஞ்சறையில் வளரும் புற்றே எனக் காட்டினர்.

கல்லிலுள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து றேடியமாகும். றேடியம் சிதைந்து றேடன் என்னும் வாயுவாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நான்கு நாளுக்குச் சற்றுக் குறைந்த காலத்திற் பாதியாகத் தேய்ந்துவிடும். ஆயினும் அது ஈன்றெடுக்கும் பொருள்கள் தூசியிற் பற்றி, மூச்சுடன் சென்று, நுரையீரலிலே தங்கிக் கதிர் வீசும்.

இவையெல்லாம் நூல்களில் ஏறியபின்னரே, 1940களின் பிற்பகுதியிலிருந்து, அமெரிக்காவின் கொலராடோ மேட்டுநிலத்தில் அணுக்குண்டின் பொருட்டு யுரேனியச் சுரங்கங்கள் பெருகின. நவஹோ குடியினர் பலர் அங்கே கூலிக்கு இறங்கினர். போதிய காற்றோட்டம் அமைக்கப்படவில்லை. புற்றுநோய் வந்தோர்க்கு இழப்பீடு வழங்கும் சட்டம் 1990இலேதான் பிறந்தது. சினீபேர்க் ஆய்வு அச்சாகி எழுபது ஆண்டு சென்றபின் தோண்டப்பட்ட சுரங்கங்கள் இவை என்பதை எண்ணுந்தோறும் மனம் ஆறவில்லை.

உள்ளே உழைப்பவனைக் காக்க வழி, பெரு விசிறிகளை நிறுவி நச்சுக் காற்றை வெளியே தள்ளுவதாகும். ஆனால் வெளியே தள்ளப்பட்ட றேடன் உடனே மறைந்தொழிவதில்லை. காற்றுப்போக்கியின் வாயிலிருந்து எழுந்து, அயலிலுள்ளவன் முற்றத்தை அடைகின்றது. கூலி பெறாத அவனும் சுரங்கத்தின் மூச்சையே சுவாசிக்க வேண்டியவனாகின்றான்.

இவன் பொருட்டு எழுந்ததே 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அமைந்த றேடன் விதி. 1985இல் வந்த விதி, வேலை முடிந்த கிளைகளைத் தடுப்புச்சுவர் எழுப்பி அடைக்கச் சொன்னது. 1989இல் வந்தது அளவையே வரையறுத்தது: சுரங்கத்திலிருந்து வெளியேறும் றேடனால் பொதுமக்களுள் எவரும் ஓராண்டிற் பெறும் கதிரளவு 10 மில்லிறெம்மைக் கடத்தலாகாது. அந்நாட்டவர் ஒருவர் இயற்கையிலிருந்து பெறுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிறெம். எனவே இவ்வரம்பு கடுமையானதே. புதிய சுரங்கம் அமைப்போர் வேலை தொடங்குமுன் அனுமதி பெறல் வேண்டும். பின்னர் ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சு 31ஆந் திகதிக்குள் அறிக்கை விடுக்க வேண்டும். காற்றுப்போக்கிகள் எத்தனை, அவற்றின் விட்டமும் உயரமும் யாவை என்பவற்றோடு, அண்மையிலுள்ள வீடு, பள்ளிக்கூடம், அலுவலகம், காய்கறியும் பாலும் இறைச்சியும் விளைக்கும் பண்ணை ஆகியவை எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதும் அதில் இடம்பெறும். சட்ட நூலிலே பாற்பண்ணையைக் கண்டபோது, எழுதியவர் அயலூரையும் நினைத்தே எழுதினார் என மகிழ்ந்தேன்.

குறையும் உண்டு. தன் வாழ்நாளில் 100,000 தொன்னுக்கு மேல் தாது தரும் பெருஞ்சுரங்கங்களையே இவ்விதி நோக்குகின்றது. நூறு அடி தொலைவிலே குடியிருப்பவனுக்குச் சுரங்கம் சிறிதாயின் என்ன, பெரிதாயின் என்ன?

இலக்கணம் பயில்வோர் சுவைக்கத்தக்க இடமொன்று இவ்விதியில் உளது. இயங்கும் சுரங்கம் எது என வரையறுக்குமிடத்து, தாது தோண்டப்படுவது என்று சொல்லவில்லை. எக்காரணத்துக்காயினும் தொழிலாளர் உட்செல்லும்வண்ணம் காற்றூட்டப்பெறுவது என்றே சொல்கின்றது. தோண்டல் நின்றும் விசிறி சுழலுமாயின் கடமை நீங்காது என்பதனால் இது நன்று. விசிறியும் நின்றபின்னரோ இவ்விதிக்கு அங்கே வேலையில்லை. நவஹோ நிலத்தில் கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் ஐந்நூறுக்கு மேல் உள்ளன. அவற்றைத் துப்புரவாக்கும் பணி வேறொரு சட்டத்தின் கீழ், மெல்ல மெல்ல நடைபெறுகின்றது.