நாய் ஓடிப் போனால் பழி யார் மேல்?

தீபாவளிக்கு ஊர் வந்திருந்த ஒரு பெண்பிள்ளை எங்களிடம் சொன்ன கதை இது. அவருக்கு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலை. குப்பை எடுக்க வந்தவர்கள் கூப்பிட்டதும் கேட்டைத் திறந்திருக்கிறார். பெரிய நாய் காலுக்கு நடுவில் புகுந்து ஓடிருச்சு. அந்த ஒழுங்கையின் ஒரு முனை காலி வீதி, மறுமுனையில் கடலோர ரயில் பாதை. மூன்று மணித்தியாலம் தேடிப் பிடித்தார்களாம். "நாய் கெடைக்காட்டி சம்பளத்துல கழிப்போம்னு சொல்லிட்டாங்க" என்றார்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று வேலைக்குப் போன நம் பிள்ளைகள் ஏராளம். நாய் பார்க்கும் வேலையும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. ஆகவே இம்முறை அதைப் பற்றி எழுதுகிறோம்.

நாய் ஓடுவது திமிரினால் அல்ல. நாளெல்லாம் தனியாகக் கிடந்தால் அதற்குச் சலிப்புத் தட்டும். காலையும் மாலையும் வாரில் கட்டி நடத்திக்கொண்டு போனாலே பாதித் தொல்லை குறையும். அடுத்த தெருவில் பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் கடுவன் எந்த மதிலையும் தாண்டப் பார்க்கும். பெட்டைக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று கிழமை இது நடக்கும். கருத்தடை செய்வதுதான் இதற்கு நல்ல வழி. வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லுங்கள். இன்னொரு காரணம் பயம். இடிக்கும் பட்டாசுக்கும் மிரண்ட நாய், தான் ஓடுகிற திசைகூடத் தெரியாமல் ஓடும். தீபாவளி இரவிலும் டிசம்பர் 31 நள்ளிரவிலும் அதை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

அடுத்து, எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். மேலே ஏறிப் போனால் மதிலோரம் கிடக்கும் குப்பை வாளி, செங்கல், பழைய கதிரை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். நாய்க்கு அவைதான் படி. மதில் மேல் கண்ணாடித் துண்டு பதிப்பது கள்ளனுக்காக இருக்கலாம். நாய் அதற்கு நிற்காது, காலைக் கிழித்துக்கொண்டு போகும். வேலிக்கு அடியில் தோண்டிப் போனால், ஒன்றரை அடி அகலக் கம்பி வலையை வேலியின் அடியோடு கட்டி, உள்பக்கமாக நிலத்தில் படுக்க விரித்து, மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். நாய் வேலியோரம்தான் தோண்டும், அங்கே வலை தட்டும், விட்டுவிடும்.

பெரும்பாலும் கேட்தான் வழி. "முதலில் நாய், பிறகு கேட்" என்று பழகிக்கொள்ளுங்கள். யார் மணியடித்தாலும் நாயைப் பின்பக்கம் விட்டுக் கதவைச் சாத்திய பிறகே கொண்டியைத் தொடுங்கள். கொட்டாஞ்சேனையில் பல வீடுகளுக்கு முற்றமே இல்லை, வாசல் நேரே தெருவில் திறக்கும். அங்கே வாசலுக்கு உள்ளே இடுப்பளவு பலகையோ கம்பிக் கதவோ ஒன்று போட்டால் உதவும்.

சங்கிலியால் கட்டுவது பலரும் செய்வது. எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. மதிலோரம் கட்டிய நாய் எகிறிக் குதித்தால் மறுபக்கம் தொங்கிச் செத்துப்போகும். கட்டியே ஆகவேண்டுமென்றால் மதிலுக்கு எட்டாத இடத்தில், நிழலும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் கட்டுங்கள்.

திரும்பி வந்த நாயை அடிக்காதீர்கள். வந்ததற்கு அடி என்றுதான் அது நினைக்கும், அடுத்த முறை கூப்பிட்டால் வராது.

ஓடிய நாய் யாரையாவது கடித்தால் நாய்க்காரருக்கு மட்டும் வரும் கஷ்டம் அல்ல அது. 1973 இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசியால் அந்தத் தொகை வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் நோய் ஒழியவில்லை. வீட்டு நாய்க்கு வருடா வருடம் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டு, அட்டையை வாங்கிப் பாருங்கள். கடிபட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். கோப்பித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் இரண்டு கிழமை கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். அதற்காக ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

லயத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்குக் கேட்டும் இல்லை, மதிலும் இல்லை. ஆனால் தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் இரவில் வெளியே விட்ட நாய் விடியும்போது இருக்காது. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியிலும் மாட்டும். இருட்டுவதற்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள்.

வெள்ளவத்தை நாயின் கழுத்துப் பட்டியில் இப்போது வீட்டுத் தொலைபேசி இலக்கம் எழுதிய தகடு தொங்குகிறதாம். அந்தப் பிள்ளையே கேட்டு வாங்கிப் போட்டது.