ஒரே முகப்பு, பல அறைகள்

நூல்களைச் சேர்ப்பது அரிய செயல். சேர்த்தவற்றைக் காப்பது அதனினும் அரிய செயல். 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அனைத்தையும் ஓரிடத்தில் வைப்பதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாக எது உணர்த்தும்?

பல இடங்களில் வைத்தால் மட்டும் போதுமா? சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பல இடங்களிலிருந்து சுவடிகளைத் திரட்டி ஒப்பிட வேண்டியிருந்தது. பலரிடம் இருந்ததால் நூல் பிழைத்தது. ஆனால் எது எங்கே உள்ளது, எது சரியான பாடம் என்பதை அறியப் பெரும்பாடு பட நேர்ந்தது.

கணிப்பொறி உலகிலும் இவ்விரு முறைகளும் உண்டு. 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'என்.எப்.எஸ்.' முறையில், கோப்புகள் ஒரு மையக் கணிப்பொறியில் இருக்கும். மற்றவை அவற்றைத் தம்முடையவை போலவே திறக்கும். மையம் நின்றால் எல்லாம் நிற்கும். 'பியர் டு பியர்' முறையிலோ தலைமை இல்லை. ஒவ்வொரு கணிப்பொறியும் காக்கும், கொடுக்கும். 2001-இல் வந்த பிட்டொரென்ட் இவ்வகையே.

இரண்டையும் இணைத்தால் என்ன? நம் செட்டிநாட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். வெளியே ஒரே முகப்பு. உள்ளே வளவைச் சுற்றிப் புள்ளிக்கோர் அறை. அவ்வாறே, காண்போருக்கு ஒரே அலமாரி. கோப்புகளோ பல கணிப்பொறிகளில். 'டாஹோ' என்னும் முறை, பூட்டெழுத்தாக மாற்றிய கோப்பைப் பொதுவாக 10 பங்குகளாக்கும். அவற்றுள் எந்த 3 கிடைத்தாலும் முழுக் கோப்பையும் மீட்கலாம். 7 அழிந்தாலும் கவலையில்லை. காப்பவர் அதனைப் படிக்கவும் முடியாது. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணும் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறி, பிழை வெளிப்படும். இதற்கு விலை, மூன்று மடங்குக்கும் அதிகமான இடமே.

நம் கீழச்சிவல்பட்டி இருக்கும் செட்டிநாட்டிலேயே, கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஏறத்தாழ 1,00,000 நூல்களையும் இதழ்களையும் திரட்டினார். அவர் 1992-இல் மறைந்தபின், அத்தொகுப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. அரிய நூல்கள் நுண்படமாக்கப்பட்டன. படி இருப்பதே பாதுகாப்பு அன்றோ?

தோழியரே! நம் வீட்டுப் பரணிலுள்ள பழைய நூலுக்கு வேறெங்கேனும் ஒரு படி உண்டா என்று இன்றே பார்ப்போமாக!