பதவி ஹெல்பர், வேலை ஆபரேட்டர்: நியாயம் கேட்பது எப்படி?

சம்பள ரசீதில் அவர் 'ஹெல்பர்'. ஷிப்ட் முழுக்க மெஷினை ஓட்டுவதும் அவர்தான். பழைய ஆபரேட்டர் வேலையை விட்டுப் போனபோது, "ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ பார்த்துக்கப்பா" என்றார்கள். தீபாவளிகள் வந்து போகின்றன. ஆளும் வரவில்லை, சம்பளமும் ஏறவில்லை. அம்பத்தூர், ஓசூர், கோவை என்று எந்தத் தொழிற்பேட்டையிலும் கேட்கக்கூடிய கதை இது.

இந்த நிலையில் இருப்பவர், தான் கேட்பது என்ன என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். பதவி உயர்வா, செய்கிற வேலைக்குரிய கிரேடா, கூடுதல் பொறுப்பைப் பார்த்த காலத்துக்கான பணமா? பதவி உயர்வு நிர்வாகத்தின் முடிவு என்பதே நீதிமன்றங்களின் பொதுவான பார்வை. பாரபட்சமோ கெட்ட நோக்கமோ நிரூபணமானால்தான் தலையிடும். மற்ற இரண்டிலும் தொழிலாளியின் பக்கம் வலுவாக இருக்கிறது.

அந்தமானில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சாரணர் இயக்கச் செயலாளர் பொறுப்பைக் கவனித்துவந்தார். அதை முறையான பதவி உயர்வாகக் கருத முடியாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், வேலை பார்த்த காலத்துக்கு அந்தப் பதவிக்குரிய சம்பள வித்தியாசத்தைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று 1998-இல் தீர்ப்பளித்தது. அவர் கையில் எழுத்துபூர்வமான உத்தரவு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தொழிற்சாலையில் அப்படி யாரும் எழுதித் தருவதில்லை. வழக்குகள் பலவீனப்படுவதும் இங்கேதான். அதனால் தொழிலாளியே எழுத வேண்டும்: 'இன்ன தேதி முதல், தங்கள் வாய்மொழி உத்தரவின்பேரில், இன்ன மெஷினை இயக்கி வருகிறேன். அதற்குரிய கிரேடை வழங்கக் கோருகிறேன்.' நாலே வரி, கோபம் வேண்டாம். நகலில் கையெழுத்து போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். உற்பத்திக் குறிப்பேட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்கங்கள், ஷிப்ட் பட்டியல், சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேலை விவரம் எல்லாம் சாட்சிதான். வீறாப்பாக வேலையை நிறுத்திவிடாதீர்கள். 'கீழ்ப்படியாமை' என்று குற்றப்பத்திரிகை வந்தால் கிரேடு விவகாரம் பின்னுக்குப் போய்விடும். ஆட்சேபத்தைப் பதிவுசெய்துவிட்டுச் செய்வதே புத்திசாலித்தனம்.

சில நிர்வாகங்கள் சம்பளத்தை ஏற்றாமல் 'சூப்பர்வைசர்' பட்டத்தை மட்டும் தரும். இனிப்பு வாங்கிக் கொடுப்பதற்குமுன் யோசிக்க வேண்டிய விஷயம் இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் 'தொழிலாளி' அல்ல. பட்டத்தைப் பார்க்காமல் பிரதான வேலையைத்தான் பார்ப்போம் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பது ஓர் ஆறுதல்.

அதே சட்டத்தில் கிரேடு வகைப்பாடு, முன்னறிவிப்பு இல்லாமல் மாற்றக் கூடாத பணி நிபந்தனைகளில் ஒன்று. மாற்ற நினைக்கும் நிர்வாகம் 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் குறைதீர்க்கும் குழு கட்டாயம். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் அங்கே மனு கொடுத்தால், 30 நாளில் குழு விசாரணையை முடிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் சமரச அலுவலரிடம், அதாவது தொழிலாளர்கள் பேச்சில் 'லேபர் ஆபீஸ்', போகலாம்.

ஆனால் அங்கே சங்கத்தின் மூலமாகத்தான் போக முடியும். பணிநீக்கம் என்றால் தனி ஆளே தகராறு எழுப்பலாம். கிரேடு விஷயத்தில் அந்த வசதி இல்லை. சங்கமே வேண்டாம் என்று ஒதுங்கி இருந்தவர்கள் திகைத்து நிற்கும் இடம் இது.

பேச்சுவார்த்தையில் நிர்வாகம் பெரும்பாலும் ஒரு தொகையையோ மாதாந்திரப் படியையோ நீட்டும். வாங்கலாம், ஆனால் கிரேடை விட்டுவிடக் கூடாது. இங்கிலாந்தின் டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள், தங்கள் வேலையைத் திறன் குறைந்த 'பி' கிரேடில் வைத்ததை எதிர்த்து 1968-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியம், அதே கிரேடு ஆண்களுடையதில் 92 சதவீதமாக உயர்ந்தது. அந்தப் போராட்டம் 1970-இன் சம ஊதியச் சட்டத்துக்கும் வழிவகுத்தது. கிரேடு மட்டும் மாறவில்லை. 'சி' கிரேடு கிடைக்க 1984-இல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. ஒப்பந்தத்தில் புதிய கிரேடின் பெயரும் அமலாகும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சமரசப் பேச்சை 45 நாளில் முடிக்க வேண்டும். தோற்றால், முன்புபோல அரசு வழக்கை அனுப்பிவைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அறிக்கை கைக்கு வந்த 90 நாளுக்குள் நேரடியாகத் தொழில் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். ஆனால் தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டால், சமரச அலுவலர் அதை விசாரணைக்கே எடுக்க முடியாது.