டயரைப் படித்து வாங்குவோம்

ஒரு காரை நிலத்தோடு இணைப்பவை யாவை என்று கேட்டால், நான்கு சக்கரங்கள் என்று சிறு பிள்ளையும் விடை கூறிவிடும். அச்சக்கரங்கள் நிலத்தைத் தொடும் இடம் எவ்வளவு என்று கேட்டாலோ, அறிவியல் பயிலும் நாமே சற்றுத் தயங்குவோம். கணக்கிட்டுத்தான் பார்ப்போமே! ஐந்து பேரும் அவர்தம் மூட்டை முடிச்சுகளும் ஏறிய ஒரு சிறு காரின் மொத்த எடை 1,300 கிலோ என்று கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 325 கிலோவைத் தாங்குகிறது. டயரில் அடைத்த காற்றின் அழுத்தம் 33 பவுண்டு. அதாவது சதுரச் சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. 325ஐ 2.3ஆல் வகுத்தால் 141 சதுரச் சென்டிமீட்டர் கிடைக்கும். விரல்களோடு சேர்த்து ஒரு மனிதக் கையின் அளவே அது! பொங்கலுக்கு ஊர் செல்லும் ஐந்து நண்பர்களின் உயிரும், தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில், நான்கு கையளவு ரப்பரை நம்பியே போகிறது.

நம் வளாகத்தில் மூவரோ நால்வரோ சேர்ந்து பழைய கார் ஒன்றை வாங்கி, ஊருக்குப் போய்வரும் வழக்கம் பெருகி வருகிறது. வண்டி வாங்கிய ஓராண்டுக்குள் டயர் மாற்றும் நாள் வந்துவிடும். அன்று நாம் கடைக்காரரிடம் கேட்பது ஒரே கேள்வி: "என்ன விலை?" விலை கேட்பதில் தவறில்லை, உதவித்தொகையில் வாழும் நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்? ஆனால் டயரின் மீதே அதன் அளவு, வலிமை, வயது யாவும் எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கே விலை மலிவா, அன்றா என்பது விளங்கும். ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கும் நமக்கு அது ஒரு பாடமா? பத்து நிமிடம் போதும்.

மாற்றும் காலம் எது?

புதிய கார் டயரின் பள்ளங்கள் 7 அல்லது 8 மில்லிமீட்டர் ஆழம் உடையவை. மழைநீரை வாங்கி வெளியே தள்ளுவதே அப்பள்ளங்களின் வேலை. ஆழம் குறைந்தால், வேகமாகச் செல்கையில் டயருக்கும் சாலைக்கும் இடையே நீர் புகுந்து, சக்கரத்தைப் படகு போல் தூக்கிவிடும். அந்நேரத்தில் பிரேக்கும் பயன்படாது. ஸ்டீயரிங்கும் சொன்னபடி கேளாது.

பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் குறுக்கே இருப்பதைக் காணலாம். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்பது பொருள். மழைக்காலத்தில் அதுவரை காத்திராமல், 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிடுவது அறிவுடைமை. பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெய்யும் மழையை நாம் அறிவோம். தீபாவளிக்கு ஊர் செல்வதும் அம்மழையில்தான்.

தேய்மானம் ஒருபுறம் இருக்க, மூப்பு என்று ஒன்றும் உண்டு. ரப்பர் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. நாளடைவில் ரப்பர் இறுகிப் பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். இதைத் தடுக்கச் சேர்க்கப்படும் மெழுகு, டயர் உருளும்போதுதான் மேற்பரப்புக்கு வந்து காக்கும். எனவே, விடுதி மரத்தடியில் மாதக் கணக்கில் நிற்கும் கார், ஓடும் காரைவிடத் தன் டயரை நன்றாக வைத்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டா.

பக்கச் சுவரின் எழுத்து

வாடகைக் கார்களில் மிகுதியாகக் காணப்படும் ஓர் அளவை எடுத்துக்கொள்வோம்: 165/80 ஆர் 14 85 டி. இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 விழுக்காடு என்பதைக் குறிக்கும். அதாவது 132 மில்லிமீட்டர். 'ஆர்' என்பது ரேடியல் அமைப்பு. 14 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வட்டின் விட்டம், அங்குலத்தில். 85 என்பது எடை தாங்கும் குறியீடு. அந்த எண்ணுக்கு உரிய எடை 515 கிலோ. 'டி' என்பது வேகக் குறி. மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது அதன் பொருள்.

நம் காருக்கு உரிய அளவு, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சீட்டிலோ கார்க் கையேட்டிலோ இருக்கும். கடையில் அந்த அளவு இல்லையெனில், "இதுவும் அதே மாதிரிதான் சார், பொருந்தும்" என்று வேறொன்றைக் காட்டுவார்கள். உடனே மறுக்கவும் வேண்டா. உடனே நம்பவும் வேண்டா. கணக்குப் போடுங்கள். 165/80 ஆர் 14 டயரின் முழு விட்டம் 132ஐ இருமுறை கூட்டி, 14 அங்குலத்துக்கு உரிய 355.6ஐயும் சேர்த்தால் வருவது: 619.6 மில்லிமீட்டர். 185/70 ஆர் 14 எனில் 614.6. வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கார் நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தால் பொருத்தலாம். 165/65 ஆர் 14 எனில் 570 மில்லிமீட்டர்தான். வேகமானி உண்மையைவிட மிகுத்துக் காட்டும். காரும் 25 மில்லிமீட்டர் தாழும். பெங்களூரின் வேகத்தடைகளை அறிந்தவர் அத்தவற்றைச் செய்யார்.

எடைக்குறியும் வேகக்குறியும் முன்பிருந்ததைவிடக் குறைதல் கூடாது. இந்தியாவில் விற்கப்படும் கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயரின் பிறந்த நாள்

பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டக் கட்டத்துள் நான்கு எண்கள் இருக்கும். ஒரு பக்கம் காணாவிடில் மறு பக்கம் பாருங்கள். முதல் இரண்டு எண்கள் வாரம். பின் இரண்டும் ஆண்டு. 3625 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 36ஆவது வாரத்தில் பிறந்த டயர்.

என் தாய்மாமன் இந்நகரில் வாடகைக் கார் ஓட்டுகிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவரோடு டயர் வாங்க நானும் ஒருமுறை சென்றேன். கடைக்காரர் நான்கு டயர்களை உருட்டிவந்து வைத்தார். நான்கும் கருகருவென்று மின்னின. மாமா குந்தி உட்கார்ந்து, கைபேசி விளக்கை ஏற்றி, ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தார். மூன்று டயர்கள் சில மாதங்களுக்கு முன் செய்தவை. நான்காவது மூன்றாண்டைக் கடந்தது. "இது ஹளேது சார், பேரே கொடி," என்றார் கன்னடத்தில், அமைதியாக. கடைக்காரரும் மறுபேச்சின்றி உள்ளே சென்று வேறொன்றைக் கொண்டுவந்தார். என் வியப்பைக் கண்டு மாமா சொன்னார்: "மாத்திரை வாங்குனா தேதி பாக்கிறோம்ல மாப்பிள்ளை? இதுவும் அப்படித்தான்."

நேர்மையாகச் சொல்வதென்றால், வெயில் படாத இருட்டறையில் வைத்த டயர் மெதுவாகவே மூப்படையும். சில மாதங்கள் பழையதென்று அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் ஓராண்டைத் தாண்டியதை முழு விலைக்கு வாங்கக் காரணம் என்ன? மைசூரிலும் திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் அரக்கோணத்திலும் டயர் ஆலைகள் உள்ளன. யாவும் பெங்களூருக்கு ஒரு நாள் லாரிப் பயணத்துக்கு உட்பட்டவை. இவ்வளவு அருகில் புதிய சரக்கு பிறக்கும்போது, நமக்கு மட்டும் ஏன் பழைய சரக்கு?

மலிவு என்பது யாது?

ஒரு டயர் 4,000 ரூபாய். 30,000 கிலோமீட்டர் ஓடும் என்று கொள்வோம். மற்றொன்று 5,000 ரூபாய். 45,000 கிலோமீட்டர் ஓடும். எது மலிவு? முதலாவது கிலோமீட்டருக்கு 13.3 காசு, இரண்டாவது 11.1 காசு. நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் என் மாமாவுக்கு ஐயமின்றி இரண்டாவதே மலிவு. நான்கு டயருக்கும் சேர்த்து 45,000 கிலோமீட்டரில் அவருக்கு மிச்சம் 4,000 ரூபாய். அவர் வீட்டில் அது ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு உதவும்.

நம் கதை வேறு. மாணவர் கார் ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினால் பெரிது. ஆறாண்டில் 30,000. கார் நிறுவனங்கள் பலவும் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் டயரை ஆய்ந்து மாற்றச் சொல்கின்றன. எப்படியும் பத்தாண்டைத் தாண்டலாகாது என்பது பொது அறிவுரை. அப்படியாயின், நம் டயர் தேய்வதற்கு முன் மூப்படைந்துவிடும். நீண்ட தூரம் உழைக்கும் டயருக்கு மிகுதியாகக் கொடுக்கும் 1,000 ரூபாயை நாம் அனுபவிக்கப் போவதில்லை. குறைவாக ஓடுவோர், நல்ல ஈரப்பிடிப்புள்ள நடுத்தர விலை டயரை மிகப் புதிய தேதியில் வாங்குவதே சிக்கனம். மாமா தூரத்தை வாங்குகிறார். நாம் காலத்தை வாங்குகிறோம். ஒரே கடையில் ஒரே நாளில் இருவருக்கும் நல்ல விலை வேறு வேறு!

கடைவீதியில்

பெங்களூரில் ஜே.சி. சாலையும் அதைச் சுற்றிய தெருக்களும் வண்டிச் சாமான்களுக்குப் பேர்போனவை. கடைக்குப் போகுமுன் கைபேசியிலேயே இரண்டு மூன்று இடத்து விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்க வேண்டியது டயரின் விலையை மட்டுமன்று, மொத்த விலையை. பொருத்துக் கூலி, புதிய வால்வு, பேலன்சிங், வீல் அலைன்மென்ட் ஆகியவை சேர்ந்ததா, தனியா? பழைய டயருக்கு எவ்வளவு கழிப்பார்கள்? இவற்றை ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டால், 200 ரூபாய் குறைவென்று தோன்றிய கடை 500 ரூபாய் கூடுதலாக முடிவதும் உண்டு.

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயர் மீதான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைந்தது. பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்று யாரேனும் சொன்னால் செவிசாய்க்காதீர்கள். பில் இல்லையேல், டயரில் உற்பத்திக் குறை தோன்றும்போது மாற்றித் தரும் உறுதியும் இல்லை.

நைட்ரஜன் அடைக்கத் தனிக்கட்டணம் கேட்பார்கள். நம்மைச் சூழ்ந்த காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்பது பள்ளிப் பாடம். மாதம் இருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது, பெட்ரோல் பங்கில் காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பவருக்கு அச்செலவு வேண்டியதில்லை.

இன்னொன்று: கடைக்காரரிடம் கன்னடத்தில் பேசுங்கள். "கொனே ரேட் எஷ்டு சார்?" என்று கேட்கும் மாணவனுக்குக் கிடைக்கும் புன்னகையே ஒரு தள்ளுபடி. நாம் வாழ வந்த ஊரின் மொழிக்கு நாம் செலுத்தும் மரியாதையும் ஆகும்.

கையில் பணம் இல்லையெனில்?

நான்கும் வாங்க இயலாவிடில் இரண்டு வாங்குங்கள். ஓர் அச்சில் இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். புதியவை பின்சக்கரங்களுக்கே உரியவை. முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுழலும்.

அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் பழைய டயரிடம் எச்சரிக்கை வேண்டும். தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டி, கருஞ்சாயம் பூசிப் புதிதுபோல் வைப்பாரும் உளர். வெட்டிய பள்ளத்தின் அடியில் ரப்பர் மெலிந்து, இழைகள் வெளியே தெரியத் தொடங்கும், 1.6 மில்லிமீட்டர் மேடும் காணாமற் போயிருக்கும். அம்மேடு இல்லாத டயரைத் தொடாதீர்கள். ஆலையில் முறைப்படி புது ரப்பர் ஏற்றிய ரீட்ரெட் டயர் வேறு. அரசுப் பேருந்துகள் பல அவற்றில் ஓடுகின்றன. ஆனால் அங்கே ஒவ்வொரு டயரையும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப் பணியாளர் உள்ளனர். தெருவோரத்தில் நமக்காகச் சோதிப்பவர் யார்?

தோழர்களே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மைப் பார்த்துச் சிரிப்போர் உண்டு. வகுத்தலும் பெருக்கலும் ஆக்சிஜனும் நைட்ரஜனும் கடைவீதியில் பயன்படும் என்று காட்டுவது நம் கடமை. அடுத்த விடுமுறைக்கு வண்டி புறப்படுமுன், ஐவரில் ஒருவராவது சக்கரத்தின் அருகே குந்தி, அந்த நான்கு எண்களையும் பள்ளத்தின் ஆழத்தையும் பார்த்துவிடுங்கள். ஐந்து வீடுகளில் ஐந்து தாய்மார் வழிபார்த்துக் காத்திருக்கிறார்கள்.