சீதனக் காணியும் கணவனின் கையொப்பமும்

யாழ்ப்பாணச் சமூகத்திற் பெண்ணின் நிலை உயர்ந்தது என வாதிடுவோர் முதலிற் சுட்டிக்காட்டுவது சீதனத்தையே. காணியும் வீடும் அவள் பெயரில் எழுதப்படுகின்றன. மணமகனே பெரும்பாலும் அவள் வீட்டில் வந்து குடியேறுகிறான். இக்கூற்றிற் பொய்யில்லை. ஆயின் உடைமை வேறு, அதனை ஆளும் உரிமை வேறு என்பதை மணமான பெண் உறுதி முடிக்கச் செல்லும் நாளில் அறிந்துகொள்கிறாள்.

ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் செல்வதே பழைய வழக்கம் என்றும், போர்த்துக்கேயர் கால மாற்றங்களால் அது குலைந்து எச்சொத்திலிருந்தும் சீதனம் வழங்கப்படலாயிற்று என்றும் அத்தொகுப்பே கூறுகின்றது. நம் பெரியோர் 'மாறா மரபு' எனப் போற்றுவது, எழுத்தில் ஏறியபோதே மாறிக்கொண்டிருந்த ஒன்றாகும்.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டம் மனைவியின் தனிச்சொத்தைப் பொதுவாகக் கணவனின் கடன்களிலிருந்து காத்தது. அதே சட்டம், அவள் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென விதித்தது. மரணசாசனம் எழுத அச்சம்மதம் தேவைப்படவில்லை! உயிருள்ளவரை கட்டுண்டிருக்கும் கை, இறந்தபின் அவிழ்கிறது. 1923இல் மணமான பெண்களின் ஆதனம் பற்றிய கட்டளைச்சட்டம் பொதுச்சட்டத்துக்குட்பட்ட பெண்களுக்குத் தனிச் சொத்துரிமை அளித்தபோதும், தேசவழமைக்குட்பட்ட தமிழ்ப் பெண்கள் அதன் புறத்தே விடப்பட்டனர்.

கணவன் கொழும்பில் உத்தியோகம் பார்த்துக் காசுக்கட்டளை அனுப்பிய காலத்தில் இவ்விதி பெரிதும் உறுத்தவில்லை. விடுமுறையில் வந்து கையொப்பமிட்டுச் சென்றான். 1983க்குப் பின்னரே அதன் முழுப்பாரமும் வெளிப்பட்டது. கணவன் ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருக்க, அல்லது போரில் காணாமற்போக, மகளின் திருமணத்தையும் மகனின் படிப்பையும் தனித்து நடத்தியவள் மனைவியே. பிள்ளை வளர்ப்பில், வரவுசெலவில், மாப்பிள்ளை பேசுவதில் அவள் சொல்லைக் குடும்பம் ஏற்றுக்கொண்டுவிட்டது. காணி உறுதி ஏற்கவில்லை.

கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்தும், அவன் நியாயமின்றி மறுக்குமிடத்தும் மாவட்ட நீதிமன்றம் சம்மதம் வழங்கலாம் என்ற ஏற்பாடு 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. அதனைப் போதிய பரிகாரம் என்பார் ஒரு விடயத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. காணாமற்போனவனைத் தேடி முகாம் முகாமாக அலைந்தவள், தாய் தந்த நாலு பரப்புக் காணியை விற்பதற்காக, அவன் இருக்குமிடம் தெரியாது என்று தன் வாயாலேயே மன்றிற் சத்தியம் செய்யவேண்டும். காணி விற்காமலே கிடந்தாலும் பரவாயில்லை எனத் திரும்பும் பெண்ணின் மனம் எச்சட்டப் புத்தகத்திலும் பதிவாவதில்லை.